இரண்டு காதும் தெரிய வேண்டும்

அதிகாரி: காதா?

எழுத்தர்: ஆமா சார். காது.

அதிகாரி: ஏம்மா... மேலிடத்துலேருந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்திருக்கேன். பயிற்சி முடிச்ச பதினோரு விமானிங்களைக் கையோட கூட்டிட்டுப் போகணும். போர்முனைல விமானம் சும்மா நிக்குது, ஓட்ட ஆளில்ல. நீங்க என்னடான்னா காதுங்கறீங்க.

எழுத்தர்: சான்றிதழ் ஃபாரத்துல ஒட்டற போட்டோவுல ரெண்டு காதும் தெரியணும் சார். விதி. இந்தப் பையனுக்கு ஒண்ணுதான் தெரியுது.

வாத்தியார்: அவனுக்கு ரெண்டு காது இருக்கு சார். நான் உத்தரவாதம். ரெண்டையும் பிடிச்சுத் திருகியிருக்கேன்.

எழுத்தர்: திருகின கையோட, போட்டோ எடுக்கறப்ப தலையைக் கொஞ்சம் நேரா வெச்சிருக்கலாமே வாத்தியாரே.

வாத்தியார்: நான் விமானம் ஓட்டச் சொல்லிக் குடுக்கறவன் மேடம். போட்டோ ஸ்டூடியோ நடத்தறவன் இல்ல.

எழுத்தர்: சொல்லிக் குடுத்த அழகைத்தான் போன வாரம் தண்ணித் தொட்டி மேல பாத்தோமே.

வாத்தியார்: சக்கரம் லேசா உரசிச்சு! அவ்வளவுதான்! தொட்டிக்கு ஒண்ணும் ஆகல!

எழுத்தர்: தொட்டிக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துல குளிச்சிட்டிருந்த சமையல்காரர்தான் இன்னும் பேச ஆரம்பிக்கல.

அதிகாரி: போதும்! நீங்க இந்த ஆபீஸோட தலைமை எழுத்தர். நீங்க விமானப் பயிற்சி வாத்தியார். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துலதானே வேலை பாக்கறீங்க?

எழுத்தர்: ஆமா சார். என் தலையெழுத்து.

வாத்தியார்: எனக்கு மட்டும் என்ன, லாட்டரியா விழுந்துச்சு?

அதிகாரி: இந்தப் பதினோரு ஃபாரமும் மூணு தடவை திரும்பிப் போயிருக்கு. மூணு தடவை! மேலிடத்துல என்னைக் கூப்பிட்டு, அங்க நடக்கறது பள்ளிக்கூடமா பஞ்சாயத்தான்னு கேக்கறாங்க. மத்த பள்ளிக்கூடத்துலேருந்தெல்லாம் ஆளுங்க நாள் தவறாம வந்து இறங்கறாங்க. உங்க பேட்ச் மட்டும் இப்பல்லாம் பத்து நாள், பன்னெண்டு நாள் லேட்டு. ஏன்?

வாத்தியார்: இவங்களைக் கேளுங்க.

எழுத்தர்: இவரைக் கேளுங்க.

அதிகாரி: கேட்டுட்டேன்! ரெண்டு பேரையும் கேட்டுட்டேன்! காலைலேருந்து நான் கேக்கற ஒரே கேள்வி அதுதான்! வாசல்லயே இருபது நிமிஷம் போச்சு. உங்க கேட்ல ஒருத்தன் உக்காந்திருக்கானே...

எழுத்தர்: பூட்டு.

அதிகாரி: என்னது?

எழுத்தர்: நாங்க வெச்ச பேர் சார். என்ன பண்ணினார்?

அதிகாரி: என் டிரைவரோட அடையாள அட்டைல மீசை இருக்கு. மூஞ்சில இல்ல. போன மாசம் எடுத்துட்டான். உள்ள விட மாட்டேன்னு நிக்கறான் அந்த ஆள். மீசை முளைக்கற வரைக்கும் உக்காந்திருங்கன்னு ஸ்டூல் எடுத்துப் போடறான்!

வாத்தியார்: மரியாதை தெரிஞ்சவர் சார். எங்க தளபதிக்கும் அந்த ஸ்டூல்தான் போட்டார்.

அதிகாரி: கடைசில என் பேனாவை வாங்கி மீசை வரைஞ்சுக்கிட்டு உள்ள வந்தோம்.

எழுத்தர்: அதான் ஜன்னல் வழியா பாத்து யோசிச்சேன், இவ்வளவு கண்டிப்பான மீசை யாருக்கு இருக்கும்னு.

அதிகாரி: அந்த போட்டோவை இப்படிக் குடுங்க.

எழுத்தர்: எதுக்கு சார்?

அதிகாரி: டிரைவருக்கு மீசை வரைஞ்ச பேனா இவனுக்குக் காது வரையாதா? எந்தக் காது இல்ல? வலதா?

எழுத்தர்: சார், அது ஆவணம்...

அதிகாரி: ஆவணத்துலயே வரையறேன். அடிச்சுத் திருத்தலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க.

எழுத்தர்: கையெழுத்துக் கட்டத்தைத் தவிர எங்க வேணும்னாலும் திருத்தலாம் சார். பக்கத்துல சுருக்கொப்பம் போட்டாப் போதும். கையெழுத்துல பிசகினாத்தான் அந்த ஃபாரமே செல்லாது. மேலிடத்துலேருந்து புதுசு வரணும்.

அதிகாரி: அப்புறம் என்ன? இதோ. காது. இதோ சுருக்கொப்பம். ஆச்சா?

வாத்தியார்: சார்... காது கேள்விக்குறி மாதிரி இருக்கு.

அதிகாரி: இந்த ஆபீஸுக்கு அது பொருத்தமாத்தான் இருக்கும். அடுத்தது என்ன? ரத்த வகை... இது என்ன எழுதியிருக்கு?

எழுத்தர்: நானும் அதைத்தான் சார் மூணு வாரமா கேக்கறேன்.

அதிகாரி: "சிவப்பு."

வாத்தியார்: பாத்துட்டுத்தான் எழுதினேன் சார்.

அதிகாரி: ரத்த வகை... சிவப்பு. பதினோரு பேருக்கும் சிவப்பு!

வாத்தியார்: ஒருத்தனுக்கு மட்டும் சந்தேகமா இருந்துச்சு. ஊசி குத்தி உறுதி பண்ணிக்கிட்டோம்.

எழுத்தர்: பாருங்க சார். இவரை வெச்சுக்கிட்டு நான் போர் நடத்தறேன். மாடு மேய்க்கப் போயிருந்தா இவருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. மாட்டைப் பத்தி மட்டும்தான் யோசிக்கணும்.

வாத்தியார்: மேடம் மட்டும் என்னவாம்? அலமாரியோட சேத்து வாங்கின ஆள். அலமாரியை மாத்தியாச்சு, இவங்களை மாத்த முடியல.

அதிகாரி: வாத்தியார்! வெளில வேன்கிட்டதானே பசங்க நிக்கறாங்க? போய் ஒவ்வொருத்தன் கழுத்துலயும் தொங்கற தகடைப் பாத்து ரத்த வகையை எழுதிட்டு வாங்க. ஓடுங்க!

வாத்தியார்: தகடு இல்ல சார்.

அதிகாரி: ஏன் இல்ல?

வாத்தியார்: ரத்த வகை தெரிஞ்சாத்தானே தகடு அடிப்பாங்க.

எழுத்தர்: தண்ணி குடிங்க சார்.

அதிகாரி: வேண்டாம். இந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணியையே நான் தொட மாட்டேன். பசங்ககிட்ட வாயால கேட்டு எழுதுங்க! எந்தப் பையனுக்காவது தெரியாதா என்ன? போங்க!

எழுத்தர்: போயிட்டார் சார். நிம்மதி. இவர் வர்றதுக்குள்ள அடுத்த கட்டத்தைப் பாத்துடலாம்.

அதிகாரி: பறந்த மணி நேரம்... குறைஞ்சது நாப்பது இருக்கணும். அட! நூத்தி எம்பத்து மூணா? இந்தப் பையன் நூத்தி எம்பத்து மூணு மணி நேரம் பறந்திருக்கானா? பரவாயில்லையே அம்மா, ஒருத்தனாவது...

எழுத்தர்: அது அவன் உயரம் சார். சென்டிமீட்டர்ல. எல்லாரும் அவனை ஒட்டகச்சிவிங்கின்னுதான் கூப்பிடுவாங்க.

அதிகாரி: அப்ப உயரக் கட்டத்துல?

எழுத்தர்: நாப்பத்தொண்ணு. அதான் அவன் பறந்த நேரம். கட்டம் மாத்தி எழுதிட்டார்.

அதிகாரி: பதினொண்ணுலயுமா?

எழுத்தர்: அந்த விஷயத்துல பாரபட்சமே பாக்க மாட்டார் சார்.

அதிகாரி: நானே மாத்தறேன். அடி. எழுது. சுருக்கொப்பம். அடி. எழுது. சுருக்கொப்பம்... ஏம்மா, நான் பறந்த காலத்துல பயிற்சி எத்தனை மாசம் தெரியுமா? பத்து மாசம்.

எழுத்தர்: அப்புறம் ஆறாச்சு. அப்புறம் நாலு. இப்ப பதினோரு வாரம். இந்தக் கணக்குல போனா அடுத்த பேட்ச் சேர்றதுக்கு முன்னாடியே பட்டம் வாங்கிடும் சார். நமக்கும் வேலை மிச்சம்.

அதிகாரி: கிண்டலா?

எழுத்தர்: சுற்றறிக்கையைத்தான் சொல்றேன் சார்.

வாத்தியார்: சார், எழுதிட்டு வந்துட்டேன். ஒம்போது பேருக்குத் தெரிஞ்சுது. ரெண்டு பேர் அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னாங்க.

அதிகாரி: அம்மாவை... போன் இருக்கில்ல? கேக்கச் சொல்லுங்க!

வாத்தியார்: கேக்கச் சொன்னேன். ரெண்டு அம்மாவும் எடுத்ததும், "ஏன் கேக்கறே, என்ன ஆச்சு"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் சமாதானம் பண்ணி வாங்கிட்டோம். இந்தாங்க.

அதிகாரி: ம். நல்லது. பாத்தீங்களா, அரை மணி நேரத்துல முடிஞ்சுது. இதுக்கு மூணு வாரம்.

வாத்தியார்: சார்... ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. ஃபாரத்துல இல்ல. அதான் சொல்லலாமா வேண்டாமான்னு...

அதிகாரி: சொல்லித் தொலைங்க.

வாத்தியார்: குறுக்குக் காத்துல இறங்க இவங்களுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கல.

எழுத்தர்: கேட்டுக்கங்க சார்! பதினோரு வாரம் என்ன பண்ணினாராம்?

வாத்தியார்: காத்து வரணுமே மேடம்! இங்க ஓடுபாதை காத்து அடிக்கற பக்கமாவே நீளமா கிடக்கு. ஒரு குழந்தை கூட இறக்கிடும். பக்கவாட்டுல அடிக்கற காத்து, பருவம் மாறினாத்தான் வரும். இன்னும் ஒரு வாரம். போர்முனை ஓடுபாதைல வருஷம் பூரா அந்தக் காத்துதான் சார். சக்கரம் தரையைத் தொடறப்ப மூக்கைத் திருப்பணும். முன்னாடி திருப்பினாலும் போச்சு, பின்னாடி திருப்பினாலும் போச்சு. அதை வாயால சொல்லிக் குடுக்க முடியாது. இடுப்புல தெரியணும்.

அதிகாரி: அங்க போய்க் கத்துக்கட்டும்.

வாத்தியார்: அங்க ஒரு தடவைதான் சார் கத்துக்க முடியும்.

எழுத்தர்: உடனே வசனம்! காத்துக்கு நான் கடுதாசி எழுதலைன்னு அடுத்ததா சொல்வார்.

அதிகாரி: காத்து எப்ப வரும்னு பாத்துக்கிட்டுப் போர் நிக்காது வாத்தியாரே. எனக்குப் பதினோரு பேர் வேணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள. சீல் எங்க?

எழுத்தர்: இழுப்பறைல இருக்கும் சார்.

அதிகாரி: எந்த இழுப்பறை? இதுவா?

எழுத்தர்: அது இல்ல சார். அதைத் திறக்க...

அதிகாரி: இது என்ன? இதுவும் சான்றிதழ் ஃபாரம்தானே? ஏன் சிவப்புக் கோடு அடிச்சிருக்கு?

எழுத்தர்: அது பழைய பேட்ச் சார். முதல் பேட்ச். நாள் தவறாம அனுப்பினோமே, ஒம்போது பேர்... பாராட்டி நீங்க கூடக் கடுதாசி போட்டீங்க.

அதிகாரி: ஃபாரம் ஏன் இங்க இருக்கு?

எழுத்தர்: ஆள் இல்லாமப் போனா ஃபாரம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரும் சார். குறுக்கால கோடு போட்டு "ரத்து"ன்னு எழுதி வெக்கணும். விதி.

அதிகாரி: இதுல ஏழு இருக்கு.

எழுத்தர்: ஆமா சார். சுட்டதுல விழுந்தது ரெண்டு. மீதி அஞ்சும் இறங்கறப்ப.

அதிகாரி: ...

எழுத்தர்: சார்? சீல் அதுல இல்ல. அடுத்த இழுப்பறை.

அதிகாரி: தெரியுது. நான் என்ன குருடனா? எடுங்க. இந்த மை டப்பா ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு?

வாத்தியார்: அவங்க கண் பட்டாலே காஞ்சிடும் சார்.

அதிகாரி: என் பேனா மையை ஊத்துங்க. ஊத்துங்கங்கறேன்! வரைஞ்ச காதுக்கும் இதே மைதான். குத்துங்க. ஒண்ணு... ரெண்டு... வேகமா. எங்க கையெழுத்துப் போடணும்?

எழுத்தர்: என் விரல் இருக்கிற இடத்துல சார்.

அதிகாரி: இங்கயா?

எழுத்தர்: ஆமா சார். இங்கதான்.

அதிகாரி: ...இங்க.

எழுத்தர்: அடுத்ததுலயும் அதே இடம். பசங்க போட வேண்டியதை அப்புறம் வேன்கிட்ட வெச்சுப் போடுவாங்க. காலியா இருக்கிற கட்டத்துல.

அதிகாரி: ம். அடுத்தது... அடுத்தது... பதினொண்ணு. முடிஞ்சுது.

வாத்தியார்: பட்டமளிப்பு விழா சார்? அணிவகுப்பு, பேண்டு வாத்தியம்... பேண்டுல இப்ப டமாரம் மட்டும்தான் இருக்கு. மத்தவங்க போர்முனைல.

அதிகாரி: வேன் ஏறறப்ப ஒரு விசில் அடிங்க. அதான் விழா. நெஞ்சுல குத்தற இறக்கை பேட்ஜை வழியில நானே குத்தி விடறேன். வரேன். உங்க ரெண்டு பேரைப் பத்தியும் அறிக்கை எழுதப் போறேன். "மனுஷங்களால சாத்தியமில்லாத அளவுக்கு லாயக்கில்லாதவங்க"ன்னு எழுதுவேன்.

எழுத்தர்: அடியில கையெழுத்துப் போட மறந்துடாதீங்க சார்.

அதிகாரி: சே!

வாத்தியார்: போயிட்டாராக்கா?

எழுத்தர்: படியிறங்கறார். குரலைத் தாழ்த்து தம்பி.

வாத்தியார்: போச்சுக்கா. எல்லாத்தையும் உக்காந்து சரி பண்ணிட்டாரே பாவி! காதையே வரைஞ்சுட்டார்! இப்படி ஒரு ஆள் வருவார்னு யார் கண்டா?

எழுத்தர்: "சிவப்பு"ன்னு எழுதச் சொன்னது யாரு? காலியா விடுன்னுதானே சொன்னேன்? காலியா விட்டா விசாரிச்சு எழுதவே எட்டு நாள் ஓடியிருக்கும். நீ விகடம் பண்ணி அவருக்கு ரோஷத்தைக் கிளப்பிட்டே.

வாத்தியார்: உயரத்துல மணி நேரம் எழுதினப்ப மட்டும் சிரிச்சீங்க?

எழுத்தர்: அது நல்லா இருந்துச்சு... மாடு மேய்க்கன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காத.

வாத்தியார்: அதை விடுங்க, போன பேட்ச்ல இதை விட மோசமாச் சொன்னீங்க. அலமாரின்னு நான் சொன்னதுதான் கொஞ்சம்...

எழுத்தர்: அலமாரி சரியாத்தான் இருந்துச்சு. நம்ம சண்டையை நம்பித்தானே இத்தனை நாள் ஓட்டினோம்.

வாத்தியார்: அக்கா, அந்தப் பதினொண்ணுல நாலு பேர் நல்லா வருவாங்க. மீதி ஏழுக்கு இன்னும் மூக்குத் திருப்பவே தெரியாது. ஒட்டகச்சிவிங்கி இருக்கானே, அவனுக்குக் கால் நீளம், மிதிக்கட்டையைப் பதமா மிதிக்கத் தெரியல... காத்து மட்டும் ஒரு நாலு நாள் கிடைச்சிருந்தா... போன பேட்சைப் பன்னெண்டு நாள் இழுத்தடிச்சோம். எட்டுப் பேர் போனாங்க. எத்தனை ஃபாரம் திரும்பிச்சு?

எழுத்தர்: ஒண்ணு.

வாத்தியார்: ஒண்ணுதான்! அதுவும் காத்தால இல்ல! இப்ப விசிலடிச்சு அனுப்பி வெக்கச் சொல்றார்...

எழுத்தர்: அழாத. ஜன்னல்கிட்ட வா. பசங்க கையெழுத்துப் போடறாங்களா பாரு.

வாத்தியார்: போடறாங்க. வேன் மேல வெச்சு. அதைப் பாக்க வேற சொல்றீங்க.

எழுத்தர்: காலியா இருந்த கட்டத்துல போடறாங்க.

வாத்தியார்: ஆமா. அதுக்கென்ன?

எழுத்தர்: என் விரலை நான் எங்க வெச்சேன்னு நீ பாக்கலியா?

வாத்தியார்: அக்கா...?

எழுத்தர்: "பட்டம் பெறுபவர் கையெழுத்து." அங்கதான் அவர் போட்டார். பதினொண்ணுலயும். மிச்சம் இருந்தது "பட்டம் வழங்கும் அதிகாரி." அதுலதான் இப்ப உன் பசங்க போடறாங்க.

வாத்தியார்: அய்யய்யோ. அப்ப ஃபாரத்துப்படி...

எழுத்தர்: ஃபாரத்துப்படி உன் பசங்க பதினோரு பேரும் சேந்து அவருக்கு விமானி பட்டம் குடுத்திருக்காங்க. பதினோரு தடவை.

வாத்தியார்: கேட்ல கண்டுபிடிச்சாத்தானே? அசந்து விட்டுட்டா?

எழுத்தர்: பூட்டா? மீசைக்கு ஸ்டூல் போட்ட ஆளா? வேன் கிளம்புது, பாரு.

வாத்தியார்: நிக்குது... ஃபாரத்தை வாங்கறார்... புரட்டறார்... அக்கா, முதல் பக்கத்தோட நிறுத்திட்டார். திருப்பித் தர்றார்!

எழுத்தர்: இரு. கண்ணாடி போடத்தான். போட்டுட்டாரா?

வாத்தியார்: போட்டுட்டார்... மறுபடி வாங்கறார்... அக்கா! ஸ்டூல்! ஸ்டூலை எடுத்துப் போடறார்!

எழுத்தர்: அப்பாடா.

வாத்தியார்: அதிகாரி திரும்பி வர்றார். நடையைப் பாத்தா... நான் உங்களைத் திட்டட்டுமா, நீங்க என்னைத் திட்டறீங்களா?

எழுத்தர்: நீ ஆரம்பி. சீக்கிரம்.

வாத்தியார்: ஏங்க மேடம், விரலைக் காட்டச் சொன்னா ஒழுங்கா ஒரு இடத்துல காட்டத் தெரியாதா? உங்களையெல்லாம்...

அதிகாரி: வாயை மூடுங்க ரெண்டு பேரும்! பதினோரு ஃபாரம்! பதினொண்ணும் பாழ்! அந்த ஆள் எனக்கு சல்யூட் அடிச்சு "வாழ்த்துக்கள் விமானி"ங்கறான்! போட்டோவுல இருக்கறது உங்க காது இல்லையேன்னு கேக்கறான்! இனிமே மேலிடத்துலேருந்து புது ஃபாரம் வரணும்! பன்னெண்டு நாள்! அங்க என் மானம் கப்பலேறப் போகுது! எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியாத முட்டாள்னு காது படச் சொல்லப் போறாங்க!

எழுத்தர்: மன்னிச்சிடுங்க சார். விரல் தவறிப் போய்...

அதிகாரி: தவறிப் போச்சா! ...கதவைச் சாத்துங்க.

வாத்தியார்: சார்?

அதிகாரி: டிரைவர் நிக்கறான். சாத்துங்கங்கறேன். ஜன்னலையும்.

வாத்தியார்: சாத்திட்டேன் சார்.

அதிகாரி: அந்தக் குறுக்குக் காத்து... எப்ப வரும்னீங்க?

வாத்தியார்: ஒரு... ஒரு வாரத்துல சார்.

அதிகாரி: வந்ததுக்கப்புறம் நாலு நாள் போதுமா?

வாத்தியார்: போதும் சார். அந்த நெட்டையனுக்கு மட்டும் அஞ்சு.

அதிகாரி: பன்னெண்டு நாள் இருக்கு.

எழுத்தர்: சார்... உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? கேட்லயா?

அதிகாரி: அம்மா, பத்தொம்போது வருஷமா ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன். கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம ஒரு நாளும் போட்டதில்ல.

எழுத்தர்: அப்ப ஏன் சார் அங்க போட்டீங்க?

அதிகாரி: உங்க இழுப்பறைல இருக்கிற ஏழையும் எடுத்துப் பாருங்க. ஏழுலயும் என் கையெழுத்துதான். ஏழும் சரியான கட்டத்துல.